கூரை வேண்டாம் என்ற முற்றம்

ராயபுரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. மாத்திரைச் சீட்டும் பிளாஸ்க்குமாக மாமியார்கள், இடுப்பைப் பிடித்தபடி கர்ப்பிணிகள், மூலையில் செல்போனை நோண்டிக்கொண்டு கணவன்மார்கள். இவர்களுக்கு நடுவில் ஒரு கிழவன் தனியாக உட்கார்ந்து அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தால் வாட்ச்மேனுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

"யாரப் பாக்கணும் பெருசு?"

"யாரும் இல்ல. சும்மா குந்திகினு கீறேன்."

"சும்மால்லாம் இங்க குந்தக் கூடாது. யாருக்குப் பிரசவம்?"

கட்டடத்தைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டிருப்பான். "என் பொண்ணுக்கு" என்றேன்.

"இன்னா கொழந்த?"

"பொண்ணு."

"மகாலச்சுமி வந்துகீது. அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற? இப்டி தள்ளிக் குந்து. ஏசி காத்து இங்கதான் நல்லா வரும்."

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. என் மகள் செல்வி பிறந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். அவளுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்பதை மட்டும் நான் அவனிடம் சொல்லவில்லை.

செல்வி பிறந்த அன்று அந்தக் கூடத்துக்குக் கூரை கிடையாது. நடுவில் வானம், அதற்குக் கீழே ஒரு புங்கமரம், சுற்றிலும் தாழ்வாரம். உள்ளே என் மனைவி சரோஜா கத்துகிற கத்தல் கேட்கக் கேட்க, நான் மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். சட்டையெல்லாம் புங்கம்பூ. நர்ஸ் வந்து பெண் குழந்தை என்று சொன்னபோது அவர் தலையிலும் ஒரு பூ விழுந்து கிடந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை, அப்படியே உள்ளே போய்விட்டார்.

இப்போது அங்கே வெள்ளைப் பலகைக் கூரை. ட்யூப்லைட். ஏசி. மரம் இருந்த இடத்தில் தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் செடி. அதன் இலைகளை யாரோ சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

நான் எதற்காக அங்கே போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பேத்தி என் வீட்டுக்கு வர வேண்டுமானால் வீட்டு முற்றத்தை மூட வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். அந்த முற்றத்தைக் கட்டியவரும் இந்த ஆஸ்பத்திரியைக் கட்டியவரும் ஒரே ஆள். அவர் கட்டிய ஒன்றுக்குக் கூரை போட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் போயிருந்தேன்.

குளுகுளுவென்றுதான் இருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு கர்ப்பிணி கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு, "அப்பாடா" என்றாள். அவளிடம் போய்ப் புங்கமரத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

காத்து இன்ஜினியர்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு, நான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் என்பது தெரியும். இன்றுதான் புதிதாக எட்டிப்பார்ப்பவர்களுக்கும் அவ்வளவு தெரிந்தால் போதும். மற்றபடி சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அந்தத் தொழிற்சாலை ஊழியர்களுக்கு வீடு கட்ட நினைத்தபோது ஒரு கட்டடக் கலைஞரைக் கூட்டி வந்தார்கள். ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டை, ரப்பர் செருப்பு. பெயரை எழுதவில்லை, அவருக்கே அது பிடிக்காது. எங்கள் பக்கத்தில் அவருக்கு இருந்த பெயர் காத்து இன்ஜினியர்.

வந்த முதல் நாள் அவர் ஸ்டோர்ஸில் வந்து கேட்டது ஊதுவத்தி.

"எவ்வளவு சார்?"

"பெரிய கட்டா குடுங்க. தினமும் வேணும்."

எந்தக் கணக்கில் எழுதுவது என்று புரியாமல் ஆயுத பூஜைக் கணக்கில் எழுதிக் கொடுத்தோம். கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனவன் நான்தான். கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் வெறும் மணல், ஓரமாக ஒரு பூவரசு. மணலில் அங்கங்கே ஊதுவத்தியை நட்டுக் கொளுத்தினார். பிறகு ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு புகையைப் பார்த்தார். காலையில் புகை கடல் பக்கம் போனது. மத்தியானத்துக்கு மேல் அப்படியே திரும்பி எங்கள் மூஞ்சியில் அடித்தது. அவர் அதையெல்லாம் அம்புக்குறி அம்புக்குறியாக வரைந்துகொண்டார். எனக்கு இருமல் வந்ததுதான் மிச்சம்.

வெறும் மணலில் காலையும் மாலையும் ஊதுவத்தி புகைந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பக்கத்துக் குப்பத்தில், கம்பெனிக்காரர்கள் வீடு கட்டும் முன் அங்கே குடியிருக்கிற ஆத்தாளைக் குளிர வைக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் நடுமணலில் ஒரு கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகியிருந்தது. வெள்ளிக்கிழமை கூழே ஊற்றிவிட்டார்கள்.

எங்கள் மேலதிகாரி கல்லைப் பிடுங்கிப் போடச் சொன்னார். காத்து இன்ஜினியர் பொறுங்கள் என்றார். கூழ் ஊற்றிய அம்மாளிடம் போய், "இதுக்கு மேல கூரை போட்டா ஒத்துக்குமாம்மா?" என்று கேட்டார்.

"ஆவாது சாமி. ஆத்தா வெயிலு மழ பாக்கணும். கூர போட்டா குப்பத்துக்கே ஆவாது."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நடுவில் இன்னும் இரண்டு வீடு திணிக்கச் சொல்லி கம்பெனி அவரை நச்சரித்துக்கொண்டிருந்த நேரம் அது. "நான் முற்றம் கேட்டா கம்பெனி குடுக்காது. அம்மா கேட்டுட்டாங்க, இனிமே யாரும் மூட முடியாது பாருங்க" என்றார்.

அப்படித்தான் ஆறு வீடு வந்தது. நடுவில் திறந்த முற்றம், முற்றத்தில் அந்தக் கல். பிற்பாடு தொழிற்சாலை வீடுகளை எங்களுக்கே விற்றபோது ஒன்று எனக்குக் கிடைத்தது.

பீரோ ஒட்டாத சுவர்

கிழக்குப் பக்கம், இரண்டு வீட்டுக்கு இடையில் அவர் ஒரு சந்து விட்டிருந்தார். கடல் பக்கம் அகலம், முற்றத்துப் பக்கம் குறுகல். அதற்குள் நுழைகிற காற்று வேகம் பிடித்துக்கொண்டு முற்றத்தில் வந்து விழும். ஒவ்வொரு வீட்டிலும் முற்றத்தைப் பார்த்த சுவர் முழுக்க, ஓட்டை விட்டு அடுக்கிய செங்கல். எதிர்ச்சுவரில் உத்தரத்தை ஒட்டி நீளமாக ஓர் இடைவெளி. புழுக்கம் அது வழியாக வெளியே போய்விடும். ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பியே கிடையாது, எல்லாம் மரச்சட்டம். கடலோரத்தில் இரும்பு பொறை பிஸ்கட் மாதிரி உதிர்ந்து போகும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

ஓரமாக நின்ற பூவரசை அவர் வெட்டவில்லை. எங்கள் வீட்டுச் சுவரைக் கொஞ்சம் வளைத்துக் கட்டினார். அதனால் எங்கள் படுக்கையறையில் பீரோ சுவரோடு ஒட்டாது. பின்னால் விழுந்த சீப்பு விழுந்ததுதான். சரோஜா சீப்பு வாங்கும்போதெல்லாம் அவரைத் திட்டுவாள். நான் அவருக்காக வக்காலத்து வாங்குவேன். "நீ அந்த ஆளையே கட்டிகினு குடித்தனம் பண்ணிருக்கலாம்" என்பாள்.

ஒரு தடவை அவரே வந்தார். வயதாகிவிட்டிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானத்தில் வந்து பூவரசுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சரோஜா மோர் கொடுத்தாள். கொடுத்த கையோடு பீரோ விவகாரத்தையும் எடுத்துவிட்டாள்.

"தெனம் உங்களத்தான் திட்டிகினு கீறேன் சார்."

"என்னைத் திட்டாதீங்கம்மா. மரத்தைத் திட்டுங்க" என்று சொல்லிவிட்டு மோரை முழுக்கக் குடித்தார். காற்று வரும்வரை இருந்தார். வந்ததும் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் அந்தக் காற்று வரும். முதலில் பூவரசு இலை அசையும். அப்புறம் கொடியில் துணி. அப்புறம் என் மடியில் கிடக்கிற செய்தித்தாள். சரோஜா படுத்திருந்தால் எழுந்து உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கண்ணை மூடிக்கொள்வாள். அவள் போன பிறகு, சொன்ன நேரத்துக்கு என்னைத் தேடி வருவது அந்தக் காற்று மட்டும்தான். இதைப் படித்துவிட்டு என் மீது பரிதாபப்பட வேண்டாம். ஆனால் அதுதான் உண்மை.

கொடியைத் துடைக்கிற ஊர்

எங்கள் பக்கத்தில் துணி காயப்போடும் முன் கொடியைத் துடைப்போம். ஈரத்துணியைச் சுற்றிப் பிடித்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்தால் துணி கறுப்பாகிவிடும். வேறு ஊரிலிருந்து மருமகள் வந்தால் முதல் வாரம் அவள் துவைத்த வேட்டியில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். மறுவாரம் அவளும் எங்கள் ஊர்க்காரி ஆகிவிடுவாள்.

அந்தக் கரி எங்கிருந்து வருகிறது என்று நான் எழுதப்போவதில்லை. யாரைக் கேட்டாலும் அடுத்த ஆளைக் கைகாட்டுவார்கள். காத்து இன்ஜினியர் வாசல் திறந்து வைத்த காலத்தில் காற்றில் உப்பும் கருவாட்டு வாசனையும் இருந்தன. இப்போது அதே வாசல் வழியாக அதே வேகத்தில் கரியும் சாம்பலும் உள்ளே வருகின்றன. அவ்வளவு திறமையாகக் கட்டியிருக்கிறார். எங்கள் தெருவிலேயே அதிகமாகக் கரி சேர்கிற வீடு எங்களுடையதுதான்.

போன கோடை விடுமுறைக்கு என் பேத்தி யாழினி வந்தாள். தாம்பரம் பக்கத்தில் அடுக்குமாடியில் வளர்கிற குழந்தை. வந்த மறுநாள் சாயங்காலம் வரை பூவரசங்காயைப் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தவள், மெதுவாக வந்து என் மடியில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, நெஞ்சுல பூனைக்குட்டி கத்துது."

விளையாடுகிறாள் என்று நினைத்துக் காதை வைத்துப் பார்த்தேன். கத்தியது. கொஞ்ச நேரத்தில் உதடு நிறம் மாறிவிட்டது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள். காசிமேட்டில் மீன் விற்பவள், குரலைக் கேட்டாலே ஆட்டோ நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் யாழினியின் சின்ன முகத்தில் பெரிய மாஸ்க்கை வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். அவள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

செல்வி வந்து சேர்ந்தாள். மறுநாள் வீட்டுக்கு வந்து குழந்தையின் துணிகளை எடுத்து வைத்தாள். தலையணை உறையை ஒரு விரலால் தேய்த்து, அந்த விரலை என்னிடம் காட்டினாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அப்புறம் ஒருநாள் போனில் சொன்னாள். "அப்பா, ஒண்ணு முற்றத்தை மூடுங்க. இல்ல, நீங்க இங்க வந்துடுங்க. யாழினிய நான் அங்க அனுப்ப மாட்டேன்."

"அங்க வந்து நான் இன்னா பண்றது?"

"அங்க மட்டும் என்ன பண்றீங்க?"



எண்ணூரில் மூடிய ஜன்னல்

ராயபுரத்துக்குப் போன அதே வாரம் எண்ணூருக்கும் போனேன். அங்கே அவர் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் கட்டியிருந்தார். ஜன்னல்கள் முழங்கால் உயரத்தில் இருக்கும். தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஆறு கடலில் சேருகிற இடமும், கொக்கும், படகும் தெரியும். நின்றுகொண்டிருக்கிற வாத்தியாருக்குத் தெரியாது. அதை முதலில் பார்த்த அன்று நான் தனியாகச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

இப்போது அந்த ஜன்னல்களுக்கு ஒட்டுப்பலகை அடித்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன்.

"தொறந்தா பசங்க கண்ணு எரியுதுன்றாங்க சார்" என்றார் அங்கிருந்த டீச்சர். "ஒரு நாள் ரெண்டு பொண்ணுங்க வாந்தி எடுத்துடுச்சுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் செய்தது சரிதான். எனக்குக் கோபப்படுவதற்குக்கூட ஆள் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நான் கண்ணாடியைத் திறக்கவில்லை. யாழினி வர வேண்டும், அதற்கு என்ன செய்ய வேண்டுமோ செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

கல் வந்த கதை

எங்கள் ஆறு வீட்டில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. இரண்டில் வாடகைக்கு ஆள். கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிற பையன்கள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவர்கள். மிச்சம் நான், கன்னியம்மா, அப்புறம் தேவராஜ். தேவராஜ் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் கன்னியம்மாவும் பழைய ஊழியர்களிடமிருந்து வீட்டை வாங்கிக் குடிவந்தவர்கள். முற்றத்துக்குத் தகரம் போட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். இத்தனை நாள் குறுக்கே நின்றது நானும் கன்னியம்மாவும்தான். இப்போது நான் அவர் பக்கம் வந்துவிட்டேன் என்றதும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூட்டம் போட்டுவிட்டார். வீட்டுக்காரர்கள் போனில் சரி என்று சொல்லிவிட்டார்களாம். கன்னியம்மாதான் பாக்கி.

"ஷீட்டு போட்டா கரி வராது, வெயில் வராது. வண்டியையும் உள்ளயே வுட்டுக்கலாம்" என்றார் தேவராஜ்.

"ஆத்தா மேல கூர போடக் கூடாது. எங்க அத்த சொல்லிட்டுப் போயிகீது" என்றாள் கன்னியம்மா. அன்றைக்குக் கூழ் ஊற்றிய அம்மாள்தான் அவளுடைய மாமியார். தினம் காலையில் அந்தக் கல்லில் படிந்த கரியைக் கழுவி மஞ்சள் பூசிவிட்டுத்தான் இவள் மார்க்கெட்டுக்குப் போவாள்.

தேவராஜ் என்னைப் பார்த்தார். ஊதுவத்திக் கதையை அதுவரை அவளிடம் நான் சொன்னதே இல்லை. அன்று சொன்னேன். இங்கே ஆத்தாளும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரு மனிதர் காற்று பார்க்க ஊதுவத்தி வைத்தார், கட்டை நான்தான் தூக்கி வந்தேன், குப்பத்தில் அதைத் தப்பாக நினைத்துக் கல்லை வைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. அந்த முற்றத்தை இந்த உலகத்தில் என்னைவிட அதிகமாக நேசித்தவன் கிடையாது. அதை மூடுவதற்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன்.

கன்னியம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சரி நைனா. காத்து பாக்கத்தான் வச்சாரு. அப்பால இத்தினி வருசம் கூழு ஊத்துனது யாரு? எங்க வூட்டாளு புயல்ல மாட்டிகினு மூணாம் நாளு உசுரோட கரைக்கு வந்துச்சே, அன்னிக்கி நான் இங்க வுழுந்து அழுதது யார்கிட்ட? காத்துகிட்டயா?"

தேவராஜ் பூவரசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் பேத்திக்கு மூச்சு முட்டுனது எனக்குத் தெரியாதா? நான்தான ஆட்டோ புட்ச்சாந்தேன்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "உன் வூட்ட நீ மூடிக்க. வாணான்னு சொல்லல. ஆத்தா தலைக்கு மேல மட்டும் கைய வைக்காத."

நான் பின்வாங்கிவிட்டேன். தேவராஜ் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. ஒன்று சொல்கிறேன், தோற்றதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கண்ணாடி

மாதவரத்திலிருந்து அலுமினிய வேலைக்காரர் வந்தார். செங்கல் சுவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார் இது, சொவுரு முச்சூடும் ஓட்டையா கீது? கட்டும்போது கல்லு பத்தலியா?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

சுவர் முழுக்கச் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டார். இழுத்தால் திறக்கிற மாதிரி வைக்கச் சொன்னேன். திறக்கப்போவதில்லை என்று தெரியும், ஆனாலும் மனசு கேட்கவில்லை. மேலே உத்தரத்து இடைவெளியை அடைத்தார். ஒரு ஏசியும் வந்தது.

வேலை முடிந்த அன்று மூன்று மணிக்கு வீட்டுக்குள் என் இடத்தில் உட்கார்ந்தேன். பூவரசு இலை அசைந்தது. கொடியில் துணி அசைந்தது. என் மடியில் செய்தித்தாள் அப்படியே கிடந்தது. சினிமாவைச் சத்தம் இல்லாமல் பார்க்கிற மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் அழுகை வந்துவிட்டது. யாரும் இல்லாத வீட்டில் அழுவதில் ஒரு சௌகரியம், முகத்தைத் துடைத்துக்கொள்ள அவசரமே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வி யாழினியை அழைத்துக்கொண்டு வந்தாள். வந்ததும் ஜன்னல் விளிம்பை விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது. அவள் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்த்தபோது, செய்தது சரி என்றுதான் எனக்கும் பட்டது. யாழினிக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியில் மூக்கை அழுத்திவைத்து முற்றத்தைப் பார்த்தாள்.

"தாத்தா, இப்ப உன் வீடு எங்க வீடு மாதிரியே இருக்கு" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

கொஞ்ச நேரம் டிவி பார்த்தாள். அப்புறம் "போலாம்மா" என்றாள். இருட்டும் முன் கிளம்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் வரவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை. பாட்டு வகுப்பு, பரீட்சை, மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. தாம்பரத்திலிருந்து திருவொற்றியூர் பக்கம் இல்லைதான். வீட்டுக்குள் உட்கார்ந்து டிவி பார்க்க அவர்கள் ஏன் இவ்வளவு தூரம் வர வேண்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மழை நாள்

ஐப்பசி மழை ஆரம்பித்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. ஒரு நாள் முழுக்க விடாமல் பெய்தது. மறுநாள் காலையில் முற்றத்துக்குப் போய்ச் செங்கல்லைத் தடவிப் பார்த்தேன். விரலில் ஒன்றுமே ஒட்டவில்லை. கொடியைத் துடைத்தேன், துணி வெள்ளையாகவே இருந்தது. மழை காற்றையே கழுவிவிட்டிருந்தது. இது எல்லா வருஷமும் நடப்பதுதான். நான்தான் இதுவரை கவனிக்கத் தேவை இல்லாமல் இருந்தேன்.

ஓடிப்போய்க் கண்ணாடிகளை எல்லாம் இழுத்துத் திறந்தேன். ஈரக்காற்று வீட்டுக்குள் வந்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சுற்றியிருக்கிற கூரைகளின் தண்ணீர் எல்லாம் நாலு மூலையிலும் கல் தூம்பு வழியாக முற்றத்தில் கொட்டுகிற மாதிரி அவர் கட்டியிருக்கிறார். கீழே மூலைக்கு மூலை வேறு வேறு அளவில் கூழாங்கல் பரப்பியிருப்பதால், தண்ணீர் விழுகிற சத்தம் ஒரு மூலையில் இருப்பது போல இன்னொரு மூலையில் இருக்காது. நான் செல்விக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கி இங்க காத்து சுத்தமா கீதும்மா. யாழினிய கூட்டிகினு வா."

"அப்பா, டிவி பாத்தீங்களா? வியாசர்பாடி சப்வேல பஸ் முழுகி நிக்குது. இந்த மழையில நான் எப்படி வர்றது?"

அவள் சொல்வது நியாயம். என் வீடு குழந்தைக்கு ஆகிற நாளில் எங்கள் ஊருக்கு வழி இருக்காது. வழி இருக்கிற நாளில் வீடு ஆகாது. இதை இன்ஜினியரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் போன் செய்தேன். முதலில் செல்வி சிரித்தாள். அப்புறம் சலித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விட்ட ஒரு மத்தியானம் யாழினி போனை எடுத்தாள்.

"தாத்தா, அங்க மழையா?"

"கொட்டுது."

"இங்கயும்தான். ஆனா எங்க வீட்டுல சத்தமே கேக்காது. கதவெல்லாம் மூடியிருக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "போனை வெளிய வையேன், நான் கேக்கறேன்."

போனை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, தாழ்வாரத்து ஓரத்தில் நின்று கையை நீட்டினேன்.

"இன்னும் கிட்ட, தாத்தா."

முற்றத்தில் இறங்கினேன். முதல் தூம்புக்குப் பக்கத்தில் பிடித்தேன். பிறகு இரண்டாவது. அவள் சிரிக்கிற சத்தம் கவருக்குள்ளிருந்து கேட்டது. பூவரசுக்குக் கீழே கொண்டுபோனேன், அங்கே வேறு மாதிரி சத்தம். வேட்டி, சட்டை எல்லாம் தெப்பலாக நனைந்துவிட்டது. கன்னியம்மா தன் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா நைனா, மழைல நின்னுகினு யார்கிட்ட பேசிகினு கீற?"

"பேசல. பேத்திக்கு மழை காட்டிகினு கீறேன்."

அவள் ஒரு குடையை எடுத்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள். குடையில் விழுகிற சத்தம் கெடுத்துவிடும் என்று கையால் வேண்டாம் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரொம்ப நேரம் அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு இல்லை. போனைக் காதில் வைத்தேன். செல்வியின் குரல்.

"அப்பா, அவ தூங்கிட்டா."

"சரிம்மா."

"வெச்சிடட்டுமா?"

"இரு" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அவள் வைக்கவில்லை. அந்த முற்றத்தில் விழுந்து எழுந்து வளர்ந்தவள்தானே. நான் கையை மறுபடி நீட்டிக்கொண்டு நின்றேன். மழை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, தூம்பில் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்து, நின்றது.

"சரிப்பா" என்று செல்வி போனை வைத்துவிட்டாள். நான் உள்ளே வந்து கண்ணாடிகளைச் சாத்தினேன்.